பூட்டி வைத்த லாரியும் விழாத கியரும்

ஓடி ஓடிக் கெட்டுப்போன லாரியைப் பழுது பார்ப்பது ஒரு தொழில். ஓடாமல் நின்றே கெட்டுப்போன லாரியைப் பழுது பார்ப்பது ஒரு தண்டனை. அந்தத் தண்டனையைத்தான் ஒரகடம் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் பல வருடமாக அனுபவித்து வருகிறேன். கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் லாரிகள்தான் என் பிரிவு. டிரைவர் லீவரை D-யில் தள்ளினால் போதும், மீதியை ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் காற்றழுத்தமும் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று அவை அடம்பிடிக்கும்போது எனக்குப் போன் வரும்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை லாரிகள் நிற்பதற்குக் காரணமா இல்லை? ஆர்டர் இருக்காது, பெர்மிட் இருக்காது, டிரைவர் சொல்லாமல் ஊருக்குப் போயிருப்பார், பார்ட்னர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். மாதக்கணக்கில் வெயிலும் மழையும் தின்றபிறகு ஒருநாள் சாவியைப் போட்டு, உடனே கிளம்ப வேண்டும் என்பார்கள். நீங்கள் மிக்ஸி ரிப்பேர் செய்பவரோ, மோட்டார் காயில் கட்டுபவரோ, யாராக இருந்தாலும் சரி, "சும்மாதாங்க வெச்சிருந்தேன்" என்ற வார்த்தையைக் கேட்டவர் என்றால் நீங்கள் என் சொந்தக்காரர். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஹாரன் அடிக்குதே

மண்ணூரில் லோகநாதன் என்பவரின் டிப்பர். மண் அடிக்கும் வேலை நின்றுபோனதிலிருந்து வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். நான் போனபோது பூசணிக்கொடி ஒன்று படிக்கட்டில் ஏறி, கதவுக் கைப்பிடியைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து லாரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் ஓடுகிறது, லீவரை எங்கே தள்ளினாலும் நியூட்ரலை விட்டு அசையமாட்டேன் என்கிறது. எனக்கு முன்னால் வந்து பார்த்தவர்கள் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டதால், செயின் பிளாக்கும் வந்து தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் பேட்டரி வோல்டேஜ் தொப்பென்று கீழே விழுகிறது. கியர் கம்ப்யூட்டருக்கு அது பிடிக்காது. ஏதோ தப்பு நடக்கிறது என்று கியரைப் பூட்டிவிடும். பேட்டரிதான் கோளாறு என்று சொன்னேன். லோகநாதன் என்னை நம்பாமல் ஏறிப்போய் ஹாரனை நீளமாக அடித்துக் காட்டினார். லைட்டைப் போட்டுக் காட்டினார். பாட்டும் போட்டுக் காட்டினார். ஹாரன் அடிக்க ஆகும் கரண்ட் வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கடைசியில் பேசுவதை விட்டுவிட்டு, பக்கத்து லாரியின் பேட்டரிகளைக் கழற்றி இதில் மாட்டி, பூசணிக்கொடியை ஒதுக்கிவிட்டு லீவரைத் தள்ளினேன். வண்டி பூப்போல நகர்ந்தது. அவர் முகத்தில் சந்தோஷத்தை எதிர்பார்த்தேன். அவர் செயின் பிளாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கியர்பாக்ஸ்ல ஒண்ணுமே இல்லன்னா, கியர்பாக்ஸ் பாக்கற உன்ன நான் எதுக்குக் கூப்ட்டேன்?"

பிள்ளையார் வண்டி

ஏகாம்பரம் ஒரு கன்டெய்னர் லாரியின் டிரைவர். முதலாளிக்கும் கிடங்குக்காரருக்கும் தகராறு என்று லாரி யார்டிலேயே கிடந்தது. ஏகாம்பரமும் அதற்குள்ளேயே குடியிருந்தார். தகராறு தீர்ந்து வண்டியை எடுத்தால் கியர் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகவில்லை. ஸ்கேனரை மாட்டினேன், ஒரு கோளாறைக் காட்டியது. அழித்துவிட்டு மறுபடி மாட்டினேன், முற்றிலும் வேறு கோளாறு. மூன்றாவது தடவை மாட்டியபோது அந்த லாரியில் இல்லவே இல்லாத பாகத்துக்குக் கூடக் குறை சொல்லுமோ என்று பயம் வந்துவிட்டது. இப்படி வாய்க்கு வந்தபடி உளறினால் ஒயரைப் பார்க்க வேண்டும். எங்கள் எலக்ட்ரீஷியன் அந்தோணி கேபினைக் கவிழ்த்துவிட்டு உள்ளே கையை விட்டான். கொத்தாகப் பஞ்சு வந்தது. ஏகாம்பரத்தின் தலையணைப் பஞ்சு. அதற்கடியில் எலிக்கூடு, அதைச் சுற்றிலும் கடித்துத் துப்பிய ஒயர்கள்.

எலிக்கு இங்கே என்ன வேலை என்று பார்த்தால், டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார். வண்டி ஓடாவிட்டாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் பொரி, கடலை, வெல்லம். ஒயரை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கிளம்பும்போது ஏகாம்பரத்தை உட்கார வைத்து, பிரசாதத்தை உடனே எடுத்துச் சாப்பிட்டுவிடுங்கள், எலிப்பொறி ஒன்று வையுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமும் நான் வரவேண்டியிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் என்னைவிடப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க வேல வண்டிய ரிப்பேர் பண்றது சார். எலியும் அவரோட வண்டி. அத மட்டும் எப்டி சார் நான் பொறி வெச்சிப் புடிக்கிறது?"

ஜாஸ்தி எண்ணெய்

எனக்கு அஜாக்கிரதையான ஆட்களைக் கண்டு பயமில்லை. ஜாக்கிரதையான ஆட்களைக் கண்டால்தான் பயம். சந்தானம் அப்படிப்பட்டவர். ஒரு கம்பெனியின் பராமரிப்பு சூப்பர்வைசர். அங்கே டிரெய்லர்களை யார்டுக்குள் இழுத்து நிறுத்தும் ஆட்டோமேட்டிக் டிராக்டர் லாரி ஒன்று, உற்பத்தி லைன் மூடியிருந்த காலம் முழுக்க நின்றிருந்தது. டயருக்குக் கட்டை, சீட்டுக்கு உறை, கண்ணாடிக்குப் பேப்பர் என்று குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். லைன் மறுபடி ஓடத் தொடங்கிய அன்று அது D-யில் உறுமிக்கொண்டு அதே இடத்தில் நின்றது. சரக்கோடு உள்ளே வரவேண்டிய டிரெய்லர்கள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்ட, போன் மேல் போன்.

போய் எஞ்சினை ஓடவிட்டபடியே எண்ணெய் அளவுக்கம்பியை உருவினேன். நுனியில்கூட ஈரம் இல்லை. கீழே பார்த்தால் ஒழுக்கும் இல்லை. எண்ணெய் எங்கே போனது என்று சந்தானத்தைக் கேட்டேன். தான்தான் எடுத்ததாகப் பெருமையாகச் சொன்னார். வண்டி நிற்கும்போது மேலே இருக்கும் எண்ணெயெல்லாம் மெல்ல அடித்தொட்டிக்கு இறங்கிவிடும். அப்போது கம்பியை உருவிப் பார்த்தால் கோட்டைத் தாண்டித்தான் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியபிறகு பார்ப்பதுதான் முறை. அவர் குளிர்ந்த வண்டியில் பார்த்து, கோட்டுக்குச் சரியாக வரும்வரை வடித்து எடுத்திருக்கிறார். எடுத்ததை வீணாக்கவும் இல்லை. கம்பெனியில் உள்ள அத்தனை கதவுக் கீலுக்கும் ஷட்டருக்கும் போட்டிருக்கிறார். உண்மையிலேயே அங்கே ஒரு கதவும் கீச்சென்று சத்தம் போடவில்லை. புது எண்ணெய் ஊற்றி, ஃபில்டர் மாற்றி வண்டியை நகர்த்திக் காட்டினேன். அவருக்கு என் மேல்தான் வருத்தம்.

"ஜாஸ்தியா இருந்தத மட்டும்தான் சார் எடுத்தேன். கம்மியா இருந்திருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

கதவுவரை கோடு

செம்பரம்பாக்கம் பக்கம் தாழ்வான ஒரு காலி மனையில் மழைக்காலம் முழுக்க நின்ற லாரி. சொந்தக்காரர் பாலாஜி. கியர் ஒவ்வொன்றும் விழுவதற்கு முன்னால் யோசித்தது, விழுந்தபிறகு நழுவியது. தண்ணீர் ஏறியிருந்ததா என்று கேட்டேன். டயர் நனைந்தது, அவ்வளவுதான் என்றார். கதவின் பாதிவரை சேற்றுக் கோடு போட்டிருக்கிறதே என்று காட்டினேன். அது பக்கத்தில் போன பஸ் அடித்த தண்ணீராம். அந்த மனைக்குப் பக்கத்தில் பஸ் போகிற ரோடே கிடையாது.

கீழே படுத்து வடிகால் போல்ட்டைக் கழற்றினேன். கியர்பாக்ஸ் எண்ணெய் நல்ல சிவப்பாக, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். வாளியில் விழுந்தது இளஞ்சிவப்பாக, கெட்டியாக, நுரையோடு விழுந்தது. பாலாஜி குனிந்து பார்த்துவிட்டு, இந்தக் கம்பெனி எண்ணெயே இந்தக் கலர்தான் போலிருக்கிறது என்றார். உள்ளே இருக்கும் பிளேட்டெல்லாம் ஊறிப்போயிருக்கும், கியர்பாக்ஸைப் பிரித்தே ஆகவேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தோணி முந்திக்கொண்டான்.

"ரெண்டு ஐஸ் கட்டி போட்டா ரோஸ் மில்க்குனு வித்துடலாம்ணா."

தினமும் குளித்த தீயணைப்பு வண்டி

சரக்கு அடுக்குகிற மரத்தட்டான பேலட்டும் பேக்கிங் ஃபோமும் செய்கிற கம்பெனி அது. உள்ளேயே ஒரு சின்னத் தீயணைப்பு வண்டி வைத்திருந்தார்கள். அதன் டிரைவர் சுந்தரமூர்த்தி, ஐம்பதைத் தாண்டியவர், தினமும் காலையில் பிரஷர் பம்ப் போட்டு வண்டியை மேலும் கீழும் கழுவித் துடைப்பார். வாரம் ஒருமுறை எஞ்சினை ஓட்டி நிறுத்துவார். ஷெட்டை விட்டு மட்டும் வெளியே எடுத்ததில்லை. ஷெட்டு வாசலில்தான் எல்லாரும் பைக் நிறுத்துவார்கள். அந்த வாரம் தீயணைப்புக் குழாய் லைனைப் பழுது பார்க்க மூடியிருந்ததால், சேஃப்டி மேனேஜர் பிரதீப்புக்குத் திடீரென்று வண்டியின் ஞாபகம் வந்து, D-யில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கியர் விழவில்லை. என்னையும் அந்தோணியையும் கூப்பிட்டார்கள்.

அடியில் படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸுக்குப் போகிற ஒயர் கனெக்டர் முழுக்கப் பச்சைப்பாசி மாதிரி களிம்பு. தினமும் அடித்த தண்ணீர் உள்ளே போய், வண்டி ஓடிச் சூடேறாததால் காயவே இல்லை. அந்தோணி அதைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தொடங்கியபோதுதான் பின்பக்க வேலியில் புகை தெரிந்தது. நல்ல கோடை. காய்ந்த கோரைப்புல் பற்றிக்கொண்டு, காற்று நேராக பேலட் அடுக்கின் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்தது ஃபோம் ஷெட், உள்ளே ஆட்கள். பிரதீப் ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். ஷிப்டு மாறுகிற நேரம், ரோடு முழுக்கக் கம்பெனி பஸ். சுந்தரமூர்த்தி சீட்டில் ஏறி லீவரைத் தள்ளுகிறார், எடுக்கிறார், தள்ளுகிறார். கனெக்டர் பின்கள் இரண்டு உடைந்து என் கையில் இருந்தன. இப்போது தள்ளிப் பயனில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தண்ணீர் அடிக்கிற பம்புக்குத் தனி எஞ்சின், அது நன்றாக இருந்தது. வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். எஞ்சினை ஓடவிட்டுக் காற்றழுத்தம் சேர்ந்தால் பிரேக் விடுபடும், நியூட்ரலில் வைத்து யாராவது இழுத்தால் வரும் என்று கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் தனபால் என்பவர் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தார். புகையைப் பார்த்துவிட்டு அவரே கேட்டுக்கு வந்து நின்றிருந்தார். கேட்டில் செக்யூரிட்டி அவரிடம் ஹெல்மெட் எங்கே, ஷூ எங்கே, வண்டிக்குப் பாஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிரதீப் ஓடிப்போய்க் கேட்டைத் தள்ளினார். பைக்குகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி ஒதுக்கினோம். கம்பிக் கயிற்றைக் கட்டி, செருப்பில்லாத காலோடு தனபால் டிராக்டரை எடுத்தார். பளபளவென்று சிவப்பு வண்டி, மணி அடித்துக்கொண்டு, சேறு படிந்த டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போனது.

இரண்டு அடுக்கு பேலட் எரிந்து போயிற்று. சுந்தரமூர்த்தி அடித்த தண்ணீரில் தீ ஃபோம் ஷெட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷன் வண்டி வந்து மீதியை அணைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுந்தரமூர்த்தியின் புருவம் மட்டும் பொசுங்கியிருந்தது. எல்லாம் முடிந்தபிறகு அவர் வண்டியின் படியில் உட்கார்ந்து, தினமும் கழுவினேனே, தினமும் கழுவினேனே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கழுவியதுதான் காரணம் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தோணியையும் கண்ணால் அடக்கினேன். தனபால் டிராக்டரை வெளியே எடுக்கும்போது செக்யூரிட்டி மறுபடி கையை நீட்டி நிறுத்தினார். உள்ளே வந்ததற்குப் பாஸ் இல்லாமல் வெளியே விட அவருக்கு அதிகாரம் இல்லையாம். தனபால் டிராக்டரை அணைக்காமலே கேட்டார்.

"ஏம்பா, நெருப்பு மட்டும் இன்னா பாஸ் வாங்கிக்கினா உள்ள வந்துச்சி?"

எஸ்தர் அக்காவின் போன்

இத்தனை வருடத்தில் எனக்கு வந்த போன்கள் எல்லாம் வண்டியை ஓட வைக்கச் சொல்லித்தான். ஓட வைக்காதே என்று வந்தது ஒரே ஒரு போன். டேனியல் அண்ணன் சொந்த லாரி வைத்து கார் பாகங்கள் ஏற்றிக்கொண்டிருந்தவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு இருந்தார், லாரி வீட்டுக்குப் பக்கத்தில் நின்றது. இனி லேசான வேலை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதில், 'லேசான' என்கிற வார்த்தை மட்டும் அண்ணன் காதில் விழவில்லை. சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறார், கியர் விழவில்லை. என்னை வரச் சொன்னார். நான் கிளம்புவதற்குள் அவர் மனைவி எஸ்தர் அக்காவின் போன்.

"தம்பி, அது சரியாவாதுன்னு சொல்லிட்டுப் போயிடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். போய் எஞ்சினை ஓடவிட்டு இறங்கினால், முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று சத்தம். கிளட்சைத் தள்ளிவிடுகிற காற்று ஹோஸ் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. காற்றழுத்தம் சேராமல் கியர் எப்படி விழும்? டீ குடிக்கிற நேரத்து வேலை. நிமிர்ந்தால் அக்கா வாசலில் மாத்திரையும் தண்ணீருமாக நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன். தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது அண்ணே, நாளைக்கு வருகிறேன் என்றுதான் வந்தது.

மறுநாளும் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். எதையாவது கழற்றுவேன், அதையே மாட்டுவேன். அந்தோணி என்னை ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டான். அண்ணன் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, போன ட்ரிப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். இப்போது அந்த லாரியை எஸ்தர் அக்காவின் தம்பி ஓட்டுகிறார். அண்ணன் வீட்டிலிருந்தபடி போனில் லோடு பேசுகிறார், நன்றாகவும் இருக்கிறார். ஆனால் அதெல்லாம் முடிவாவதற்கு முன்னால், அந்த வார சனிக்கிழமை, அக்காவை டீ போடச் சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு அண்ணன் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அந்த ஹோஸ் புஸ்ஸுங்கறது எனக்கும் கேக்குதுப்பா. நீ மெதுவாவே போடு. இது ஓடாத வரைக்கும்தான் அவ ராத்திரில கண்ண மூடுறா."

ஆட்டோமேட்டிக் என்று பெயர் வைத்துவிட்டதால் இனி எல்லாம் தானாகவே நடந்துகொள்ளும் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கிற வரைக்கும், வெயிலில் லாரிக்கடியில் படுத்துக்கொண்டு அதை நடக்க வைக்கிற என் பிழைப்புக்கு ஒரு குறையும் வராது.